தகடு போட்டால் ட்ரோன் திரும்பும்

அந்தப் பழைய சினிமாக் கொட்டகையில் படம் ஓடி வெகுகாலமாயிற்று. ஆனாலும் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் உள்ளே வெள்ளி விழாப் படம் ஓடுகிறது என்றுதான் நினைப்பீர்கள். கொட்டுகிற மழையில், மழைக்கோட்டும் குடையுமாக, டாக்டர், வாத்தியார், வட்டிக்கடைக்காரர், நர்ஸ் என்று சகலரும் வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்தவர் கவசத்தார். அவர் மந்திரித்துக் கொடுக்கும் செப்புத் தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ட்ரோனுக்குக் கண் தெரியாதாம். மூக்குக்கு நேரே வந்தாலும், ஆள் மாறிப்போய்விட்டது என்று மரியாதையாகத் திரும்பிப் போய்விடுமாம்!

ஜனங்களைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பெல்லாம் சண்டை என்றால் எதிரியின் முகமாவது தெரியும். இப்போது எங்கேயோ ஓர் அறையில், கண்ணில் திரைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீ குடித்தபடியே ஒருவன் விசையைத் திருகுகிறான். இங்கே பால் வண்டி எரிகிறது. காயம்பட்டவனைத் தூக்கிவரக்கூட ஆள் போவதில்லை, சக்கரம் வைத்த ரோபோ போகிறது. மனிதன் மூளையைக் கசக்கி இத்தனையும் செய்துவிட்டான். இதிலிருந்து தப்பிக்க மூளையைக் கழற்றி வையுங்கள் என்றார் கவசத்தார். கழற்றி வைத்தார்கள். குண்டு சுமந்து வரும் ரோபோவுக்குத் தனித் தகடு உண்டு. அது தரையில் வருகிறதல்லவா, அதனால் கணுக்காலில் கட்ட வேண்டும்! என்ன விஞ்ஞானம், என்ன விஞ்ஞானம்!

இதைப் பார்த்து வயிறெரிந்தவள் ஒருத்திதான். ஊரில் அவளுக்கு வலைக்காரி என்று பெயர். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய மீன்வலைகளை ஒட்டுப்போட்டு, வண்டிகளின் மேல் கூண்டாகக் கட்டிக் கொடுப்பவள். பாய்ந்து வரும் ட்ரோனின் இறக்கை வலையில் சிக்கும், வண்டி தப்பும். எல்லாச் சமயமும் தப்பும் என்று அவள் யாருக்கும் சத்தியம் செய்ததில்லை. அதனாலேயே அவளிடம் வரிசை இல்லை.

அவள் கணவர் எல்லையோரக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அன்று காலை அவர் லாரி மேல் ஏறி, அவள் கட்டிய வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கழட்டறேன். வலை இருந்தா தகடு வேலை செய்யாதாம். கவசத்தார் கண்டிப்பா சொல்லிட்டாரு."

"ரொட்டிக்கடைக்காரரும்தான் தகடு போட்டிருந்தாரு. என்ன ஆனாரு?"

"அவரு வலையும் கட்டியிருந்தாரே. அரைகுறை நம்பிக்கை."

"பால்காரர் வலை கட்டலையே?"

"அவரு குளிக்கும்போது தகட்டைக் கழட்டி வச்சிட்டு மறந்திருப்பாரு."

"உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"செத்தவரு எப்படிம்மா வந்து சொல்லுவாரு?"

"அதான் அந்த ஆளுக்கு வசதி! பொழைச்சவன் ஓடிவந்து கால்ல விழறான். செத்தவன் வந்து சட்டையைப் பிடிக்கப் போறதில்ல. எவ்வளவு நல்ல வியாபாரம்!"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "கேலி பண்ணாத. தலைக்கு மேல அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது. இதைப் போட்டதுல இருந்து நடுங்கல. அதுவே போதும்னு இருக்கு."

நடுங்குகிற கையோடு வலை கட்டிப் போனவர் தினமும் வீடு திரும்பினார். நடுங்காத கையோடு, வலை இல்லாமல் போகப் போகிறார். நினைக்கவே வலைக்காரிக்கு உயிர் போயிற்று.

"சரி, நான் ஒரு சோதனை வைக்கிறேன். தகடு ஜெயிச்சா நானே ஏறி வலையைக் கழட்டிக் குடுக்கறேன். தோத்துச்சுன்னா நீங்க வாயைத் திறக்காம மறுபடி கட்டிக்கணும். சரியா?"

"சரி," என்றார் அவர், ஜெயித்துவிட்ட தைரியத்தில்.

கொட்டகைக்குள் வழக்கமான அற்புதம் நடந்துகொண்டிருந்தது. தகடு இல்லாத ஒருவரை மேடையில் நிறுத்தினார்கள். குட்டி ட்ரோன் ஒன்று விர்ரென்று வந்து அவர் மூக்கை உரசுகிற மாதிரி நின்றது. அதே ஆளின் கழுத்தில் தகட்டை மாட்டினார்கள். வந்த ட்ரோன் சட்டென்று நின்று, தலையை ஆட்டி, ஓட்டமாய் ஓடிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

"ஐயா, தகட்டை ஏன் சட்டைக்கு வெளிய தொங்க விடறீங்க?" என்று கேட்டாள் வலைக்காரி.

"சக்தி பரவ வேண்டாமா, மகளே?"

"லாரியோட இரும்பைத் தாண்டிப் பரவற சக்தி, ஒரு மழைக்கோட்டைத் தாண்டாதா? அஞ்சு பேரு டிக்கெட் ரூமுக்குள்ள போய் கோட்டு மாட்டிட்டு வரட்டும். உள்ள யாரு தகடு போட்டிருக்காங்க, யாரு போடலைன்னு நாங்க வாயைத் திறக்க மாட்டோம். தகடு இல்லாத ஆளு மேல உங்க ட்ரோன் பாயட்டும்."

"சக்தியைச் சோதிக்கக் கூடாது."

"இவ்வளவு நேரம் மேடையில நீங்க பண்ணினதுக்குப் பேரு என்னங்க?"

யாரோ சிரித்தார்கள். கவசத்தாரின் பரம பக்தரான வட்டிக்கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பண்ணிக் காட்டுங்க ஐயா! இந்தம்மா வாயை இன்னிக்கே அடைச்சிடலாம்!"

பக்தர்களே மாட்டிவிட்டால் சாமியார் என்ன செய்வார், பாவம்!

வாத்தியார், நர்ஸ், வட்டிக்கடைக்காரர், டாக்டர், லாரிக்காரர் ஐந்து பேரும் கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டோடு வரிசையாக நின்றார்கள். ட்ரோன் வந்தது. வாத்தியாரிடம் போய்த் தயங்கிற்று. நர்ஸிடம் போய்ப் பின்வாங்கிற்று. நடுவில் நின்று திருதிருவென்று முழித்தது. கவசத்தாருக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில், மனைவி என்ன செய்யப் போகிறாளோ என்று முகம் வெளுத்து நின்ற லாரிக்காரர்தான் கண்ணில் பட்டார் போலிருக்கிறது. ட்ரோன் நேராக அவர்மேல் பாய்ந்து, மூக்குக்கு முன்னால் நின்று இரைந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை நடுங்கியது. விளையாட்டு ட்ரோன்தான் என்று தெரிந்தும் வலைக்காரி ஓரடி முன்னால் போய்விட்டாள்.

"இவர்தான்! இவரிடம்தான் தகடு இல்லை!" என்று முழங்கினார் கவசத்தார்.

லாரிக்காரர் மெல்லப் பித்தானைக் கழற்றினார். கழுத்தில் தகடு பளபளத்தது. மற்ற நால்வரும் கழற்றினார்கள். ஐந்து கழுத்திலும் தகடு! வலைக்காரி ஒருவரையும் தகட்டைக் கழற்றச் சொல்லியிருக்கவில்லை.

"இவர் மனதில் சந்தேகம் இருந்தது, அதனால்..." என்று ஆரம்பித்தார் கவசத்தார். வலைக்காரி காது கொடுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் கிழிந்து தொங்கிய திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். அங்கே ஒரு தடியன், கண்ணை மறைக்கும் திரைக் கண்ணாடியும் கையில் விசைப்பெட்டியுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தான். திரை போனது அவனுக்குத் தெரியவில்லை.

"அத்தான், சரியான ஆளு மேலதானே போனேன்?" என்று கேட்டான்.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கவசத்தார் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். வட்டிக்கடைக்காரரே குறுக்கே நின்று சட்டையைப் பிடித்தார்.

மழை விட்டிருந்தது. லாரிக்காரர் ஒன்றும் பேசாமல் வண்டி மேல் ஏறி வலையைக் கட்ட ஆரம்பித்தார். கை இன்னும் நடுங்கியது.

"நடுங்கட்டும்ங்க, பரவாயில்ல," என்று கீழிருந்து கயிற்றை நீட்டினாள் வலைக்காரி. "முடிச்சை மட்டும் இறுக்கிப் போடுங்க."

வாத்தியார் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, எதுக்கும் இருக்கட்டும்னு வலையும் கட்டிக்கிட்டு, தகட்டையும் போட்டுக்கலாமா?"

படித்தவர், என்ன பதில் சொல்ல! ட்ரோனை ஓட்டுகிறவன் கழுத்துக்கு மேலே இருப்பதை உபயோகிக்கிறான். கழுத்தில் எதைத் தொங்கவிடலாம் என்று நாம் தேடியது போதும் ஐயா, நமக்கும் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது.