முந்தி ஏறும் உரிமை

மனித குலத்தை மேம்படுத்திய மகத்தான கண்டுபிடிப்புகள் இரண்டு. ஒன்று சக்கரம். இன்னொன்று, ஒரே நேரத்துக்குப் புறப்பட்டு ஒரே நேரத்துக்குப் போய்ச் சேரும் ஒரே கப்பலில், ஒருவன் அடுத்தவனுக்கு முன்னால் ஏறி உட்காருவது. முதலாவது பழவேற்காட்டுக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது 1979-ஆம் வருஷம் பங்குனி மாதம் வந்தது. கொண்டுவந்த பெருமை ‘உவர்நீர் உல்லாசப் பயண வாரிய’த்தைச் சேரும்.

வாரியத்தின் கப்பலுக்கு ‘ஏரிமகள்’ என்று பெயர். அதைப் படகு என்று சொன்னவர்களை வாரியம் பொறுமையாகத் திருத்தியது. மேலே கூரை, கீழே இஞ்சின், ஓரத்தில் ஒலிபெருக்கி, ஏறுமிடத்தில் கால் துடைக்கும் மிதியடி, இவ்வளவும் இருந்தால் அது கப்பல்தான். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, பறவைகளைக் காட்டி, ஏற்றிய இடத்திலேயே திரும்ப இறக்கிவிடும். எங்கேயும் போகாமல் திரும்பி வருவதற்கு ‘உல்லாசப் பயணம்’ என்று பெயர் என்பதும் அந்தப் பங்குனியில்தான் ஊருக்குத் தெரிந்தது.

கடைத்தெருவில் கயிறும் நைலான் வலையும் விற்கிற கௌஸ் மைதீனுக்கு இந்தக் கப்பல் மேல் ஒரு கண். அவர் குடும்பத்துக்கே ‘கப்பல் வீடு’ என்றுதான் பெயர். எந்தக் காலத்திலோ முன்னோர் ஒருவருக்குக் கப்பல் இருந்ததாம். கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் கரையில் நின்றுவிட்டது. கௌஸ் மைதீன் ஏரியில் எத்தனையோ படகுகளில் போயிருக்கிறார். கப்பல் என்று சொல்லத்தக்க எதிலும் கால் வைத்ததில்லை.

அவர் மனைவி மெஹருன்னிசாவின் அண்ணன் அப்துல் ஹையோ, ஒரு காலத்தில் பினாங்குக்குக் கப்பலேறிப் போய்வந்தவர். அவர் வந்து வருஷக்கணக்காகிறது. கதைதான் இன்னும் கரை சேரவில்லை. டீக்கடையில் சொல்வார், நிக்காஹ் வீட்டில் சொல்வார், ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன மையத்து வீட்டிலும் மெல்ல ஆரம்பித்தார். சொல்லி முடித்ததும் மைத்துனர் பக்கம் திரும்பி, “கப்பல் வூட்டுக்காரருக்கு நான் இன்னாத்த சொல்றது,” என்பார். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். கௌஸ் மைதீனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே ஏரிமகளின் முதல் பயணத்தில், மச்சானுக்கு முன்னால், ஊருக்கே முன்னால், தாம்தான் காலெடுத்து வைப்பது என்று கௌஸ் மைதீன் உறுதி பூண்டார். அவருக்கு அந்த வருஷம் வேறு ஆசை இல்லை. இதென்ன அற்ப ஆசை என்று கேட்பவர்கள், அந்தச் சிரிப்பை ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

வாரியத்தின் ‘பயணி ஒழுங்கு அலுவலர்’ தனசேகர், படகுத்துறையில் ஊரைக் கூட்டித் திட்டத்தை விளக்கினார். சலவைச் சட்டை போட்ட, நல்ல பையன். மேலிடத்துக்குப் பயப்படுவதைத் தவிர அவரிடம் வேறு குறை கிடையாது.

“முந்தி ஏறும் உரிமை உள்ளவர்கள் முதலில் ஏறுவார்கள். மற்றவர்கள் பிறகு ஏறுவார்கள்,” என்றார்.

தோணிரேவுக் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் கஸ்தூரியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். “அப்பால ஏறுறவங்களுக்குக் கப்பலு அப்பால போவுமா சார்?”

“இல்லம்மா. ஒரே கப்பல்தானே.”

“அப்ப முந்தி ஏறிக்கினு இன்னா பண்றது?”

“காத்திருக்கலாம்.”

“கரையில குந்திக்கினு காத்திருந்தா ஆவாதா?”

“அது சாதாரணக் காத்திருப்பு. இது முன்னுரிமைக் காத்திருப்பு.”

கஸ்தூரியம்மாள் சற்று யோசித்தாள். “எங்க ஆம்பளைங்க ஏரியில வலை போடறதுக்குப் பாடு வெச்சிருக்காங்க சார். சீட்டுக் குலுக்குவாங்க. இன்னிக்கு மொதப் பாடு ஒருத்தனுக்குன்னா, நாளைக்கு வேற ஒருத்தனுக்கு. சண்டையே வராது. அந்த மாரி வெச்சுக்கலாமே.”

தனசேகர் பரிவோடு சிரித்தார். “முறை வைத்து எல்லாருக்கும் முதல் இடம் கொடுத்துவிட்டால், அதை எப்படியம்மா முதல் இடம் என்பது?”

நாகரிகத்தின் முழு ரகசியமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து ஏரியைப் பங்குபோட்டுக்கொண்டு பிழைக்கிற குப்பத்தாருக்கு இது எட்டாமல் போனதில் வியப்பில்லை.

உரிமைச் சீட்டுகள் தகுதி பார்த்து வழங்கப்பட்டன. தகுதி என்றால் நண்டு. கௌஸ் மைதீன் இரண்டு கூடைத் தகுதியைத் தனசேகரின் அறைக்கு அனுப்பிவைத்து, தங்க நிறச் சீட்டில் முதலாவதைப் பெற்றார். அப்துல் ஹைக்கு ஒரு கூடைதான் தகுதி இருந்தது. அவருக்கு இரண்டாவது சீட்டு. அரைக் கூடைக்காரர்களுக்கு மஞ்சள் சீட்டு. தகுதியைத் தலையில் சுமந்துகொண்டு போய் அறையில் இறக்கிய கஸ்தூரியம்மாளுக்கும் அவள் கூட்டத்துக்கும் வெள்ளைச் சீட்டு கிடைத்தது. கடைசியில் ஏறுவதற்கு.

பயணிகள் வெகு முன்கூட்டியே வந்து ‘வருகைப் பதிவு’ செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. கப்பல் பத்து மணிக்கு. கௌஸ் மைதீன் விடியலில் சுபுஹு தொழுத கையோடு புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, புது ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“பத்து மணிக் கப்பலுக்கு இப்பவே இன்னாத்துக்குக் கெளம்புறீங்க?” என்றாள் மெஹருன்னிசா.

“பதிவு இருக்குது.”

“எங்க அண்ணன் பினாங்குக்கே இவ்ளோ வெள்ளன போவல.”

“அதான் உங்க அண்ணன் கும்பலோட கும்பலா ஏறியிருக்காரு.”

“ஏறுனாரில்ல,” என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தையோடு அவர் வீட்டைவிட்டு இறங்கினார்.

படகுத்துறையில் ஆளே இல்லை. ஆனால் வரிசை இருந்தது. மீன்கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைதியாக நின்றன. தோணிரேவுப் பெண்கள் கூடையை இடத்துக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கௌஸ் மைதீன் தம் தங்கச் சீட்டை எடுத்துக் கூடைகளுக்குக் காட்டினார். அவை ஆட்சேபிக்கவில்லை. முன்னால் போய் நின்றுகொண்டார். சற்று நேரத்தில் அப்துல் ஹை வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

“சீக்கிரமே வந்துட்டீங்க மச்சான்,” என்றார்.

“தூக்கம் வரல மச்சான்.”

வருகைப் பதிவு முறைப்படி நடந்தது. வந்துவிட்டவர்களைப் பார்த்துத் தனசேகர் “வந்துவிட்டீர்களா?” என்று கேட்டார். அவர்கள் “வந்துட்டோம்,” என்றார்கள். பத்து மணி ஆயிற்று. கௌஸ் மைதீன் வலது காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றார்.

“கொஞ்சம் பொறுங்க பாய். வாரியத் தலைவர் வரவேண்டும். அவர் ஏறிய பிறகுதான் மற்றவர்கள்.”

கௌஸ் மைதீனின் முகம் வெளுத்தது. “அப்ப நான் ரெண்டாவதா சார்?”

“சேச்சே. தலைவர் பயணி இல்லை, பிரமுகர். கணக்கிலேயே வரமாட்டார். பயணிகளில் நீங்கள்தான் முதல்.”

கௌஸ் மைதீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெயில் ஏறியது. தலைவர் பொன்னேரியில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. பிறகு காபி சாப்பிடுவதாக வந்தது. தலைவர் ஒவ்வொன்றாகச் சாப்பிடச் சாப்பிட, ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிமகளின் வயிற்றில் பாசிக்கோடு வெளியே தெரிந்தது.

“சார், தண்ணி வத்துது,” என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

“எனக்கும் கண் இருக்கிறது,” என்றார் தனசேகர் தாழ்ந்த குரலில். “போய்த் தலைவரிடம் சொல்லப்போகிறவர் யார்? நீங்களா, நானா?”

யாரும் போகவில்லை. மதியம் தாண்டித் தலைவர் காரில் வந்து இறங்கினார். அன்பே உருவானவர். போட்ட மாலைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, கும்பிட்டவர்களை எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எண்ணிக் கையசைத்துவிட்டு, கப்பலின் மூக்கில் திரைச்சீலை போட்டிருந்த ‘பிரமுகர் அறை’க்குள் போய் இளநீர் கேட்டார். திரை மூடிக்கொண்டது.

அடுத்து கௌஸ் மைதீன். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி மிதியடியில் வலது காலை வைத்தார். கண் கலங்கிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் நாம் யாரும் சிரிக்க வேண்டாம். கப்பல் வீட்டில் பிறந்து, கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே தலை குனிந்த ஒரு மனிதர் கப்பலில் நின்றார். முதல் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் வந்த மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

“பினாங்குக் கப்பல்ல நாற்காலியெல்லாம் இப்பிடித்தான் இருந்ததா மச்சான்?”

அப்துல் ஹை வாயைத் திறந்தார். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அவர் முன்னால் பினாங்கு என்ற பேச்சு வந்து அவர் மௌனமாக இருந்தது, ஊர் அறிய, அதுதான் முதல் தடவை. கௌஸ் மைதீனுக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

பிறகு மஞ்சள் சீட்டு ஏறியது. பிறகு வெள்ளைச் சீட்டு ஏறியது. காலையிலிருந்து நின்றவர்களும் அப்போதுதான் வந்தவர்களும், முந்தி ஏறியவர்களும் பிந்தி ஏறியவர்களும், ஒரே சமயத்தில் புறப்பட்டார்கள். இந்த அற்புதத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏரிமகள் ஒரு கூப்பிடு தூரம் போனாள். அடிவயிற்றில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. நின்றுவிட்டாள்.

இங்கே ஏரிக்காரர்களின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். படகின் அடி தரையில் உரசும் சத்தம் காதில் விழுந்தால் போதும், அவர்கள் கால் தண்ணீரில் இருக்கும். யாரும் சொல்ல வேண்டாம். யோசிப்பதுகூடக் கிடையாது. படகு தட்டினால் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கைப்பிள்ளையாக இருக்கும்போதே பழகிய பழக்கம். சீட்டின் நிறம் பார்த்து வருவதில்லை.

திமுதிமுவென்று குதித்தார்கள். மீன்காரிகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தார்கள். மஞ்சள் சீட்டுக்காரர்கள் குதித்தார்கள். கௌஸ் மைதீனும் குதித்தார். குதித்து, இடுப்பளவு தண்ணீரில், முழங்கால்வரை சேற்றில் நின்று, தோளைக் கப்பலுக்குக் கொடுத்த பிறகுதான், தாம் என்ன காரியம் செய்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. பக்கத்தில் இன்னொரு தோள். அப்துல் ஹை.

மேலே மிச்சம் இருந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த மூன்று பேர். இஞ்சின் டிரைவர், தனசேகர், திரைக்குப் பின்னால் தலைவர்.

“கப்பல் ஏன் நின்றுவிட்டது?” என்று திரை கேட்டது.

“பறவை பார்ப்பதற்கு சார்,” என்றார் தனசேகர்.

“ஏலேலோ,” என்று கஸ்தூரியம்மாள் குரல் கொடுக்க, எல்லாத் தோள்களும் சேர்ந்து தள்ளின. கப்பல் அசைந்தது, நகர்ந்தது, பாரமில்லாத வயிற்றோடு சட்டென்று மிதந்து ஓடியது. நின்றால் மறுபடி தட்டிக்கொள்ளும் என்று டிரைவர் நிறுத்தவில்லை. தூரத்திலிருந்து ஒலிபெருக்கியில் தனசேகரின் குரல் வந்தது.

“முந்தி ஏறும் உரிமை பெற்றவர்கள் தயவுசெய்து கரைக்குத் திரும்பி வரிசையில் நிற்கவும். உங்கள் இருக்கைகள் காலியாகவே வைக்கப்படும்.”

சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ஏரி முழுவதும் அந்த நாற்காலிகள் காலியாகவே பயணம் செய்தன.

தண்ணீரில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னா பாய்,” என்றாள் கஸ்தூரியம்மாள், முந்தானையைப் பிழிந்தபடி. “மொதல்ல ஏறுனீங்களே.”

“மொதல்ல எறங்குனதும் நான்தாம்மா,” என்றார் கௌஸ் மைதீன். ஒரு கால் ஷூ சேற்றோடு போயிருந்தது.

“அதெப்பிடி மச்சான்,” என்றார் அப்துல் ஹை. “உங்களுக்கு முன்னாடி நான் குதிச்சேன்.”

“நான் தண்ணியில நிக்கும்போது நீங்க இன்னும் வேட்டிய மடிச்சுக்கினு இருந்தீங்க.”

“அல்லா மேல ஆணையா நான்தான் மொதல்ல.”

கௌஸ் மைதீனுக்குச் சிரிப்பு பீறிட்டது. மச்சானும் சிரித்தார். வருஷக்கணக்கில் அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். கரையேறி, அலுவலர் சொன்னபடியே, சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். தங்கச் சீட்டு முன்னால். சொன்னால் கேட்கும் ஜனங்கள்.

ஏரிக்குள்ளே தலைவர் திரையை விலக்கிப் பார்த்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள் வெறிச்சோடிக் கிடந்தன.

“பயணிகள் எங்கே தனசேகர்?”

உண்மையைச் சொன்னால் கப்பல் தரை தட்டியதைச் சொல்ல வேண்டும். தட்டியதைச் சொன்னால் தண்ணீர் வற்றியதைச் சொல்ல வேண்டும். வற்றியதைச் சொன்னால் பொன்னேரிக் காபியைச் சொல்ல வேண்டும். தனசேகருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு இன்னும் வரவில்லை.

“வரவில்லை சார்,” என்றார்.

சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் கப்பல் கரைக்குத் திரும்பியது. தலைவர் இறங்கினார். இன்னும் ஈரம் காயாமல் நின்ற வரிசையைக் கண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. முதல் ஆளாக நின்ற கௌஸ் மைதீனின் ஈரத் தோளில் ஒரு தகப்பனைப்போல் கை வைத்தார்.

“எல்லாருக்கும் கடைசியாக வந்தவன் நான். எனக்கே ஒரு கப்பல் நிறைய இடம் கிடைத்தது. சாவகாசமாகக் குளித்துவிட்டு வர உங்களுக்கெல்லாம் நேரம் இருக்கிறது. கப்பலுக்கு நேரத்தோடு வரத்தான் முடியவில்லை, இல்லையா?”