காளிமுத்துவின் ‘ம்’

குரல் பெரிதாக இருப்பவனுக்குக் காது சின்னதாகத்தான் இருக்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இன்றைக்கு அருப்புக்கோட்டையில் எனக்கு மூன்று ஓட்டல்கள். மூன்றும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியவை (சம்பந்தி வீட்டில் எட்டாம் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம்). இத்தனை சாதித்தவன், பரளச்சிப் பக்கம் ஒரு துக்க வீட்டில் பட்ட அவமானத்தை எழுதாமல் விட்டால் என் வரலாறு முழுமையாகாது.

எழுபதுகளின் தொடக்கம். மழை பொய்த்து, கண்மாய்க்குள் ஆடு மேய்ந்த வருஷம். காலேஜ் ஆஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை எனக்கு. ‘சோறு ரெடி’ என்று நான் ஒரு குரல் கொடுத்தால், மைதானத்தில் விளையாடுகிறவன் பந்தைப் போட்டுவிட்டு ஓடி வருவான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மெஸ் மணியை யாரும் தொட்டதில்லை.

ஆஸ்டலில் நாலு பையன்கள் சேர்ந்து வாத்தியமே இல்லாமல் பாடுவார்கள். ஆர்மோனியம், தபேலா எதுவும் கிடையாது. எல்லாம் வாய்தான். தலைவன் கோவர்த்தனன், நெசவுக்காரர் வீட்டுப் பையன். கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவான். அடிக்குரல் காளிமுத்து. மற்ற மூவரும் வார்த்தைகளைப் பாட, அவன் அடியில் ‘ம்…’ என்று இழுத்துக்கொண்டே இருப்பான். லீவுக்கு ஊருக்குப் போன காளிமுத்து மஞ்சள்காமாலையில் செத்துப்போனான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய், அவன் பாடிய பாட்டையே பாடுவது என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். மகனைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அவன் அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். இப்படியே விட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. பாட்டைக் கேட்டாவது அழட்டும் என்பது பையன்களின் எண்ணம்.

கோவர்த்தனன் அடுப்படிக்கு வந்தான்.

“அண்ணே, காளிமுத்து எடத்துல நீங்கதான் பாடணும்.”

“வாரேன். என்னுது எந்த வரி?”

“வரியெல்லாம் இல்லண்ணே. நீங்க ‘ம்’ மட்டுந்தான்.”

“இம்புட்டுக் குரலை வச்சுக்கிட்டு ‘ம்’மா?”

“கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரிண்ணே அது.”

“அஸ்திவாரத்தை எவன் தம்பி பாத்தான்?” என்றேன். ஆனாலும் போனேன்.

பந்தலில் பாட்டு ஆரம்பமானது. இரண்டாவது வரியில் ஒருத்தன் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். அடுத்தவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கோவர்த்தனனும் தேம்பிக்கொண்டு குனிந்துவிட்டான். கண்ணை மூடியிருந்த எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. மற்ற குரல்கள் அடங்கியதும் என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்: என் அருமை தெரிந்து பையன்கள் எனக்கு வழிவிட்டிருக்கிறார்கள். விடுவேனா? மைதானத்துக்குக் கொடுக்கிற குரலை அப்படியே மூக்கு வழியாக இறக்கினேன். தொழுவத்தில் ஒரு மாடு பதிலுக்குக் கத்தியது. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

“ஏலே, அந்தாளுக்கு வயித்து வலி போல. யாராச்சும் ஒரு சோடா வாங்கியாங்க,” என்று ஒரு பெரியவர் சொன்னபோதுதான் கண்ணைத் திறந்தேன். ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பேர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். பதினாறாம் நாள் பந்தலில் சிரிப்பு மூட்டியவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தம்மா எழுந்து வந்தார். அறைவார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“இது என்னய்யா பாட்டு?” என்று கோவர்த்தனனைக் கேட்டார்.

“காளிமுத்து பாடுறதும்மா. அவனுக்குப் பதிலா அண்ணன் பாடுறாக.”

“எம்மகன் இதைத்தான் பாடுவானா? வார்த்தை எங்க?”

“அவனுக்கு வார்த்தை கெடையாதும்மா.”

அந்தம்மா என் தொண்டையையே பார்த்தார். பேசியதும் அதனோடுதான். “இதுக்காடா ஒன்னைய காலேசுக்கு அனுப்புனேன்? மாட்டுக்கும் மனுசனுக்கும் நடுவுல ஒரு சத்தம் போடவாடா நான் முள்ளு வெட்டிச் சொமந்தேன்?”

சொல்லும்போதே உதடு கோணியது. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெடித்து அழுதார். பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நான் நைசாக நழுவப் பார்த்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நிறுத்தாத,” என்றார். நிறுத்தவில்லை. தொண்டை கட்டி, கடைசியில் தவளைச் சத்தம்தான் வந்தது. அவர் அழுது ஓய்கிறவரை அதையே கொடுத்தேன்.

பிறகு நான் முதல் ஓட்டல் போட்டதும், டவுனுக்கு வரும்போதெல்லாம் அந்தம்மா வருவார். காப்பி வேண்டாம், பலகாரம் வேண்டாம். “ஏப்பா, ஒருக்கா,” என்பார். நான் கல்லாவை விட்டு எழுந்து, வாழையிலைக் கட்டு அடுக்கியிருக்கும் மூலையில் நின்று ‘ம்’ கொடுப்பேன். (சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.) முழுக்கக் கேட்டுவிட்டு, “அவன் இன்னுங் கொஞ்சம் நல்லாப் பாடியிருப்பான்,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போவார். மகன் பாடி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என் மனைவி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்றாவது ஓட்டல் திறந்த அன்று, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் என்னைப் புகழ்ந்து முடித்ததும், அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. அவன் இன்னுங் கொஞ்சம் நல்லாக் கட்டியிருப்பான்,” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் என்னிடம் இதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த ‘அவன்’ யார் என்று அவர்கள் இதுவரை கேட்டதில்லை.