ஏழு வருஷமாக ரிப்பேர் ஆகாத எஞ்சின்

எஞ்சின் செய்கிறவர்கள் ஒரு வகை, எஞ்சின் ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டிலும் ஒட்டாமல், எந்தக் கம்பெனி எஞ்சின் உருப்படும், எது உருப்படாது என்று தீர்ப்பு மட்டும் வழங்கிக்கொண்டு திரிகிற மூன்றாவது பிறவி ஒன்று உண்டு. அந்தப் பிறவியைத்தான் உங்களுக்குக் காட்டப்போகிறேன். கிட்டே போகாதீர்கள்.

நான் சொல்வது பெரிய கார் எஞ்சின் இல்லை. ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக் காருக்குள் (பொம்மை என்றால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும்) உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் நைட்ரோ எஞ்சின். பேட்டரி கிடையாது. நிஜ எரிபொருள், நிஜப் புகை, நிஜமான எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்னால், சிமெண்ட் தரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இதை ஓட்டுகிறோம்.

எங்களில் ஒருவருக்கு முத்திரை என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் கார் கொண்டுவர மாட்டார். மடக்கு நாற்காலி கொண்டுவருவார். கையில் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று; யார் கார் வந்து நின்றாலும் எழுந்து போய், எஞ்சின் தலைமேல் அதன் சிவப்புப் புள்ளியை வைத்து, எண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, திரும்பி வந்து உட்கார்ந்து, கார்க்காரன் அவனே பின்னால் வந்து "என்ன சார்?" என்று கேட்கும்வரை காத்திருப்பார். கேட்டால் தீர்ந்தது. (எஞ்சின் தலையின் நிறத்தை வைத்துத்தான் நாங்கள் கம்பெனியைச் சொல்வோம்.)

"நீலத் தலையா? தொடாதீங்க."

"ஏன் சார்?"

"என் நண்பரோட மச்சான் ஒருத்தர் வாங்கினார். ரெண்டே நாள்."

ரெண்டு நாளில் என்ன ஆயிற்று? யாருக்கும் தெரியாது. அந்த மச்சானைப் பார்த்தவரும் இல்லை. ஆனால் அந்த மனுஷன் இதுவரை பதினோரு கம்பெனி எஞ்சின்களை வாங்கி, பதினொன்றையும் ரெண்டே நாளில் ஒழித்திருக்கிறார். முத்திரை புகழ்ந்த எஞ்சின் நின்றுபோனால், ஓட்டியவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. அவர் திட்டிய எஞ்சின் ஓடினால், அது பழைய பேட்ச், அப்போதெல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள். ஆக, ஐயா தப்பாகச் சொன்ன சரித்திரமே கிடையாது.

சரி, அவரிடம் என்ன எஞ்சின் இருக்கிறது? "சிவப்புத் தலை. ஏழு வருஷமா வெச்சிருக்கேன். ஒரு ரிப்பேர் கிடையாது" என்பார். சத்தியமான வார்த்தை. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி அலமாரியைத் திறந்து காட்டினார். கடையில் ஒட்டிய டேப் கூடப் பிரிக்காமல் பெட்டி அப்படியே இருந்தது. "வாரா வாரம் இதுக்குத் தூசி தட்டுறது என் வேலை" என்றார் அந்த அம்மாள்.

இந்த மகானிடம் போய் மாட்டிக்கொண்டார் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாடிக்கு ஜனங்களைத் தூக்குகிற கயிறு நாளைக்கும் தாங்குமா என்று தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மனிதர். ஒரு வருஷம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு நீலத் தலையை வாங்கிவிட்டார். "இந்த வயசுல பொம்மையா?" என்று சிரித்த மனைவியையும் முதல் ஞாயிறே கையோடு அழைத்து வந்திருந்தார். எஞ்சினோடு வந்த தாளில் பென்சிலால் கோடு போட்டு, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். முதல் ஆறு டேங்க் எரிபொருள் தீரும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு டேங்க் முடிந்திருந்தது. கார் புகையைக் கக்கிக்கொண்டு நிதானமாகப் போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

முத்திரைக்குப் பொறுக்குமா?

"என்ன இது, எருமை மாதிரி போகுது?"

"ஆறு டேங்க் மெதுவா ஓட்டணும்னு போட்டிருக்கு சார்."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான் தம்பி. நல்ல எஞ்சின்னா முதல் நாளே தெரிஞ்சிடும். தள்ளுங்க."

ஸ்க்ரூடிரைவரை வாங்கி, எரிபொருள் வருகிற ஊசியை ரெண்டு சுற்று இறுக்கி, ரிமோட்டைப் பிடுங்கி முழு வேகத்தில் விட்டார். கார் அலறிக்கொண்டு அரைச் சுற்றுப் போனது. நின்றது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை எத்தனை முறை இழுத்தும் உயிர் வரவில்லை. முத்திரை துப்பாக்கியை வைத்துப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றார்.

மெக்கானிக்கின் மனைவி மட்டும் கேட்டார்: "இவ்வளவு நேரம் ஓடிச்சே? நீங்க திருகினப்புறம்தானே நின்னுச்சு?"

"அம்மா, இதெல்லாம் டெக்னிக்கல்."

சுற்றி நின்ற ஆண் சிங்கங்கள் நாங்கள் குனிந்து அவரவர் காரைத் துடைக்க ஆரம்பித்தோம். மெக்கானிக், பாவம், மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அங்கேயே எஞ்சினைக் கழற்றி, என்னுடைய ஒரு பழைய ரிமோட்டுக்கு மாற்றாக என் கையில் கொடுத்துவிட்டார். "இது உருப்படாது சார், அந்த சாரே சொல்லிட்டார்" என்றார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். மேலே இருக்கிற சின்ன பிளக்கில் தலைமுடி மாதிரி ஒரு கம்பி. ஊசியை இறுக்கியதில் எரிபொருள் குறைந்து, சூடேறி, அது எரிந்து அறுந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. பிளக்கை மாற்றி, ஊசியைத் தளர்த்தி, தாளில் சொன்னபடி மீதி டேங்குகளை மெதுவாக ஓட்டி முடித்தேன். இரண்டு வருஷமாகப் பறக்கிறது. முத்திரையிடம், "நீங்க அன்னிக்கு உருப்படாதுன்னு சொன்ன அதே எஞ்சின்தான் சார் இது" என்றேன். "அதான் சொல்றேன், அது பழைய பேட்ச்" என்றார்.

மெக்கானிக் இப்போதும் வாரம் தவறாமல் மனைவியோடு வருகிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலத்தில் தன்னுடையதாக இருந்த எஞ்சின் ஓடுவதைப் பார்ப்பார். போன ஞாயிறு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "இன்னொண்ணு வாங்கலாம்னு இருக்கேன் சார். உங்களுது நல்லா ஓடுது. நீலத் தலையே வாங்கட்டுமா?"

அன்றைக்குப் போனது வெறும் பிளக், உங்கள் எஞ்சின் நல்ல எஞ்சின் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாய் தானாகத் திறந்தது.

"தொடாதீங்க. எனக்கு ஏதோ நல்ல பீஸா அமைஞ்சிடுச்சு."

அவர் நம்பித் தலையாட்டினார். அவர் மனைவி, அன்றைக்கு முத்திரையைப் பார்த்த அதே பார்வையை என்மேல் வைத்தார்.

சிரிக்கிறீர்களா? நைட்ரோ எஞ்சினை நீங்கள் கண்ணாலும் கண்டதில்லை, நிம்மதி. ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று கேட்டபோது, "அந்தக் கம்பெனியா? தொடாதீங்க" என்றீர்களே. அதை வாங்கி ரெண்டே நாளில் ஒழித்தது யார்? உங்கள் நண்பரோட மச்சானா?