துயிலிழந்தோன் பெயர் மறைத்த படலம்

வாழ்க பாண்டிதுரை! கட்டுத்துணி ஆலையின் கணக்கறைக் காவலனே, இரண்டாம் ஷிப்டின் இணையற்ற வேந்தே, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையை இருமல் வாகனமாம் பழைய மொபெட்டில் ஏறி நாள்தோறும் வென்று மீளும் வீரனே, மனைவி ஒருமுறை அழைத்தால் மறுமுறைக்குக் காத்திராத பணிவின் பெருங்கடலே, நீ வாழ்க! உன் புகழைப் பாட வந்த எனக்கோ புலமையும் கிடையாது, பொறுமையும் கிடையாது. தூக்கம் கெட்ட ஒரு மனிதன் இமெயில் அனுப்பிய கதைக்கு இத்தனை மேளதாளமா என்று முகம் சுளிக்கும் பெரியோர்கள் இப்போதே எழுந்து போய் வேறு உருப்படியான வேலை ஏதும் இருந்தால் பார்க்கலாம். போக இடமில்லாதவர்கள் கேளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்கு எல்லையில் வைகுண்ட நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. அதைச் செங்கோல் இன்றியே ஆள்பவர், குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர், பனிமலைக் காவலர், நரைத்தும் நுனி சாயாத மீசைக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார் கண்ணுச்சாமி. நம் வீரனின் மனைவி ஆனந்தவல்லிக்கு உடன்பிறந்த அண்ணன் வேறு. அவர் வீட்டு மாடியில் திசைக்கொன்றாய் வாய்பிளந்து நிற்கும் குழாய் ஒலிபெருக்கிகள், காலை ஐந்து மணி ஆனதும், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், குப்பை வண்டி வருமா வராதா, யார் வீட்டு பைக் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்னும் அரசாணைகளை அண்டசராசரமும் அதிர முழங்கும். நள்ளிரவு கடந்து ஷிப்ட் முடித்து, மொபெட்டை ஓசையின்றி உருட்டி வந்து, பாயில் சாய்ந்து, அப்போதுதான் கண்ணசந்த பாண்டிதுரையின் காதுக்கு நேரே இருந்தது கிழக்குக் குழாய். பாவி மனிதன் ஒரு வருடமாகக் கனவு என்பதையே காணவில்லை.

நேரில் போய்ச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். எதிர்வீட்டு இருளப்பசாமி அப்படித்தான் ஒருநாள் நேரில் போய், "அய்யா, சத்தத்தைச் செத்தக் கொறைக்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்றுமுதல் சுபேதார் அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வாசற்படி மிதிப்பதில்லை. பாண்டிதுரைக்கோ அடுத்த வாரம் மகள் மகிழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். ஆனந்தவல்லிக்கு இருப்பதோ ஒரே அண்ணன். அந்த மடி கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் பந்தலும் பந்தியும் இருந்து என்ன பயன்? ஒரு பக்கம் உறக்கம், மறுபக்கம் மகளுக்கு மாமன் மடி. இரண்டுக்கும் நடுவே கொட்டாவி விட்டபடி நின்றான் நம் தலைவன்.

சுபேதார் நீதி தவறாதவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். "குறையிருந்தா மெயில்ல போடுங்க. எதுன்னாலும் ப்ராப்பர் சேனல்ல வரணும். வந்த மெயில ஒரு எழுத்து விடாம மைக்குல வாசிச்சுப் பதில் சொல்லுவேன்" என்பது அவர் பிறப்பித்திருந்த பிரகடனம். இந்தப் பிரகடனத்தில் ஓர் ஓட்டை இருப்பதாகப் பாண்டிதுரைக்குத் தோன்றியது. ஆலைக் கேண்டீனில் அவனோடு வடை பகிர்ந்துகொண்ட கம்ப்யூட்டர் பிரிவு சதீஷ் அதை ஊர்ஜிதம் செய்தான்.

"அண்ணே, உங்க மெயிலுக்குள்ளயே இன்னொரு முகவரி வச்சுக்கிடலாம். அலியாஸ்னு பேரு. அதுலேருந்து அனுப்புனா உங்க ஒரிஜினல் ஐடி எவனுக்கும் தெரியாது."

அடடா! அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் பாண்டிதுரையின் தோள்கள் பூரித்தன. பூரித்ததில் சட்டையின் மேல்பொத்தான் கழன்று சாம்பாரில் விழுந்தது என்று சிலர் சொல்வார்கள், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அன்று மாலையே கணக்கறையின் மூலையில், பஞ்சு பறக்கும் மின்விசிறியின் கீழ், கைப்பேசியைக் கேடயமாக ஏந்தி அமர்ந்தான். 'துயிலிழந்தோன்' என்னும் திருநாமத்தில் ஒரு முகவரியைப் படைத்தான். கடிதத்தின் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் தன் பெயர், பதவி, செல் நம்பர் மூன்றையும் வெட்டி வீழ்த்தினான். முகம் காட்டும் வட்டத்தில் இருந்த தன் படத்தை நீக்கி ஒரு தாமரைப் பூவை வைத்தான். எழுத்து நடையைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி, பள்ளிக்கூடத்தோடு கைவிட்ட செந்தமிழை மீண்டும் கைப்பிடித்தான்.

அந்தச் செந்தமிழ் அவனை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. 'போர்முனையில் காட்ட வேண்டிய தொண்டையை ஊர்முனையில் காட்டும் செயலாளர் அவர்களே' என்று தொடங்கியவன், 'தங்கள் காட்டுக்கத்தலுக்குக் காக்கைகளும் ஊரைக் காலி செய்துவிட்டன' என்பதுவரை போனான். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கிற்று. நமக்குள் இத்தனை திறமை இருந்தும் இந்த ஆலை நம்மைப் பேண்டேஜ் கட்டுகளை எண்ண வைத்திருக்கிறதே என்று மனம் நொந்தான்.

பாவம், ஒரே ஒரு கட்டத்தைக் கோட்டைவிட்டான். புது முகவரி படைக்கும்போது 'பெயர்' என்று ஒரு கட்டம் ஏற்கெனவே நிரம்பி நின்றது. அது மெயில் கம்பெனிக்காரன் தன் வசதிக்குக் கேட்பது என்று நினைத்து அதைத் தொடாமல் தாண்டிப் போனான். கடிதத்தோடு கூடவே ஏறிப்போய், பெறுபவர் கண்ணில் முகவரிக்கும் முன்னால் அதுதான் படும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் இருந்ததுதான் என்ன? அம்பாலாவிலும் ஜோத்பூரிலும் பட்டாளத்தில் இருக்கும் பங்காளிகளுக்குக் காதுகுத்துப் பத்திரிகையை மெயிலில் அனுப்பியபோது, தெருமுனையில் கட்டும் பேனரைப் போல அங்கேயும் ஒன்று கட்டிவிடுவோமே என்று, தன் பெயரை அழித்துவிட்டு முழு விளம்பரத்தையும் அதில் அவனே நிரப்பியிருந்தான். மெயிலில் பேனர் கட்டும் யோசனை வேறெந்த ஊர்க்காரனுக்கு வரும்?

எச்சரிக்கை இல்லாதவன் என்றும் அவனைச் சொல்லிவிட முடியாது. முதலில் தனக்கே ஒன்று அனுப்பிச் சோதித்தான். அனுப்பியவர் இருக்கும் இடத்தில் 'நான்' என்று மட்டுமே காட்டியது மெயில் பெட்டி. தன் மெயிலைத் தனக்கே அனுப்பினால் எவனுக்கும் அப்படித்தான் காட்டும். நான் யார் என்று ஆழ்ந்து விசாரிக்க ஞானிகளுக்கே காலம் போதவில்லை. ஷிப்ட் முடிகிற அவசரத்தில் பாண்டிதுரை எப்படி விசாரிப்பான்? பொத்தானை அழுத்தினான். கணை விண்ணில் பாய்ந்தது.

மறுநாள் காலை ஐந்து மணி. ஒலிபெருக்கி முழங்கும் முன்பே விழித்து, போர்வைக்குள் புன்னகையோடு காத்திருந்தான் தலைவன். கண்ணுச்சாமியின் குரல் எழுந்தது.

"வைகுண்ட நகர் மக்களே, வணக்கம். மேலத் தெருவுக்குத் தண்ணி ஆறு மணிக்கு. மோட்டார் போட்டு உறிஞ்சுதவுக யாருன்னு எனக்குத் தெரியும். அடுத்தாப்புல, சங்கத்துக்கு ஒரு மெயில் வந்திருக்கு. வழக்கப்படி வாசிக்கேன். அனுப்புநர்: பாண்டிதுரை ஆனந்தவல்லி இல்லக் காதணி விழா, தாய்மாமன் சுபேதார் கண்ணுச்சாமி அவர்கள் மடியில், அனைவரும் வருக வருக."

அடுக்களையிலிருந்து ஆனந்தவல்லி ஓடி வந்தாள். "ஏங்க, எந்திரிங்க! நம்ம வீட்டு விசேஷத்தையில்ல அண்ணன் மைக்குல சொல்லுதாக!"

தொடாமல் தாண்டிப் போன அந்தக் கட்டம் அப்போதுதான் பாண்டிதுரைக்கு நினைவு வந்தது. ஒரு வரியைப் படிக்கும்போது அடுத்த வரியைப் பார்க்கும் வழக்கம் சுபேதாருக்கு இல்லை. பிறந்துவிட்ட ஆணையைப் பாதியில் நிறுத்தும் வழக்கமும் இல்லை. 'பொருள்: செயலாளரின் காட்டுக்கத்தல் குறித்து' என்று வாசித்தார். போர்முனையை வாசித்தார், ஊர்முனையை வாசித்தார், காக்கைகளை வாசித்தார். குண்டு துளைத்தாலும் கொடியைக் கீழே போடாதவரைப் போல, 'இப்படிக்கு, துயிலிழந்தோன்' என்பதுவரை ஓர் எழுத்து விடாமல் வாசித்து முடித்தார். ஆனால் வரவர அந்தக் குரல் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கிழக்குக் குழாயிலேயே சரியாகக் கேட்கவில்லை. ஒரு வருடமாக இந்த நிசப்தத்துக்கு ஏங்கியவன், அது வந்தபோது அதைத் தாங்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டான். ஒரு வயசான மனிதரை அவர் வாயாலேயே தன்னைத்தானே திட்ட வைத்துவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனந்தவல்லி போர்வையை உருவி எறிந்தாள். பின் வாய்திறந்து தன் போர் முழக்கத்தை வெளியிட்டாள்.

"எங்க அண்ணன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்துனா, அந்தத் தோட்ட நீங்களே மூக்குல மாட்டிக்கிடுங்க. இப்பவே போங்க."

போனான். இருந்த தூரம் மூன்று வீடுதான். ஆனால் பனிமலையில் படை நடத்தியவர்களுக்கும் அத்தனை நீளப் பயணம் வாய்த்திராது. குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். "பாண்டித்தம்பி, நீயா எழுதுன?" என்று இருளப்பசாமி வாசலில் நின்று கேட்டார், அதில் மரியாதை இருந்ததா இரக்கம் இருந்ததா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவன் இல்லை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மச்சான் வீட்டுப் படியேறினான்.

சுபேதார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெள்ளத்தாய் காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உக்காருங்க மாப்ள" என்றார் அவர். "காட்டுக்கத்தல்னு எழுதுனதுதான் செத்த நோவுது. இருக்கட்டும். மொட்டக் கடுதாசி எழுதுதவன எனக்குப் பட்டாளத்துலயே ஆகாது. இந்த நகர்ல எல்லாவனும் எம்முன்னால சரிங்கய்யாம்பான், முதுகுக்குப் பின்னால வைவான். நீங்க ஒருத்தர்தான் உங்க பேரு, எந்தங்கச்சி பேரு, எம்பேரு அம்புட்டையும் தலப்புலயே போட்டு, நேருக்கு நேரா எழுதியிருக்கீக. ஆம்பளைன்னா இப்படில்ல இருக்கணும்!"

'தெரியாமப் போயிட்டு மச்சான்' என்னும் வாய்மை பாண்டிதுரையின் தொண்டைவரை வந்தது. காபியை ஒரு மடக்குக் குடித்தான். வாய்மையும் அதோடு உள்ளே இறங்கிவிட்டது.

"அப்ப... மடி?" என்றான் மெல்ல.

"இதென்ன கேள்வி? எம்மருமகளுக்கு எம்மடிய விட்டா வேற மடி ஏது?"

பூமாரி பொழிந்தது என்றே எழுத ஆசைப்படுகிறேன். பாண்டிதுரைக்குக் கண்ணில் நீர் முட்டியது, அதுவே போதும். எழுந்து கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தவனை, தீர்ப்பின் கடைசி வரியை மறந்துவிட்ட நீதிபதியைப் போலச் சுபேதார் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மாப்ள, எங்கொரலு ஆகலைன்னா உங்களுக்கு மெதுவான கொரலுதான? தமிழும் இம்புட்டு நல்லா வருது. நாளையிலேருந்து நீங்களே மைக்குல வாசிங்க. அஞ்சு மணிக்கு மாடியில இருக்கணும், என்ன?"

"சரிங்க மச்சான்" என்றான், பெயரையும் முகத்தையும் மறைக்காமல் புகார் எழுதிய ஒரே ஆண்மகனென்று வைகுண்ட நகர் முழுதும் அதற்குள் பரவிவிட்ட புகழுக்குரிய பாண்டிதுரை.

வீட்டுக்கு வந்து நாலரைக்கு அலாரம் வைத்தான்.