மட்டனைப் பூட்டி வைத்தேன்

அன்றைய வேலை ரொம்பச் சின்னது. கம்பெனி டேட்டாபேஸில், யாருக்கு எந்தப் பிரியாணி என்கிற விவரத்தை என்கிரிப்ட் செய்ய வேண்டும்.

சிரிக்காதீர்கள். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் கன்டெய்னர் கிளம்பும் நாளில் எல்லாருக்கும் பிரியாணி உண்டு. ஒவ்வொரு பொட்டலமும், பேரும், மட்டனா பீஃபா வெஜ்ஜா என்பதும் அச்சடித்த ஸ்டிக்கரோடு. "யார் என்ன சாப்பிடுறாங்கன்றது அவங்க சொந்த விஷயம், மறைச்சு வைங்க" என்று எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டார்.

கட்டிங் சூப்பர்வைசர் விநாயகம் அண்ணனுக்கு ஏக சந்தோஷம்.

"சார், டாக்டர் மட்டனே தொடக்கூடாதுன்ட்டார். என் சம்சாரம் மல்லிகா இங்க பேக்கிங்லதான் இருக்கா. பார்த்தா பேஜாராய்டும். போன தடவை ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டுத்தான் தின்னேன்."

"கவலையே வேணாம்ணே. என்கோடிங் வேற, என்கிரிப்ஷன் வேற. முன்னது வேற எழுத்துல எழுதுறது, தெரிஞ்சவன் படிச்சுடுவான். பின்னது பூட்டு..."

"பூட்டுங்க சார். பாடம் அப்புறம் எடுங்க."

பூட்டினேன். அவர் காதோடு சொன்ன கோரிக்கையையும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஒரு சொல் விடாமல் ஏற்றினேன். நான் அப்படிப்பட்ட ஆள்!

மதியம் ஸ்டிக்கர் வந்தது. பேருக்குக் கீழே x7Qp/9KfTg==. டேட்டாவைப் பூட்டியவன், அதைத் திறந்து அச்சடிக்கும்படி ஸ்டிக்கர் புரோகிராமிடம் சொல்ல மறந்திருந்தேன்.

"இன்னா சார் இது, லாரி நம்பரா?" என்றார் பிரியாணி பாய். "இதுல மட்டன் எங்க இருக்கு?"

வரிசை கேட்டைத் தாண்டியது. பின்னாலிருந்து ஒரு குரல்: "பாய், நமக்கு ரெண்டு ஈக்வல் டு போடுங்க!"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாவி போட்டதும் பட்டியல் பளிச்சென்று திறந்தது.

"நான் கரண்டியைப் பிடிக்கிறதா, உங்க ஸ்க்ரீனைப் பார்க்கிறதா? மைக்குல படிங்க சார்!"

படித்தேன். கூட்டம் கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உச்சரிப்பில் கவனம் வைத்து, வரியை முழுசாக வாசித்துக்கொண்டே போனேன்.

"கட்டிங், விநாயகம். மட்டன். குறிப்பு: நல்லி ஒண்ணு ஜாஸ்தி. மல்லிகாவுக்குத் தெரிய வேண்டாம்."

மைக் நல்ல மைக். பக்கத்துக் கம்பெனி வரை கேட்டிருக்கும்.

வரிசை தானாக விலகி வழிவிட்டது. மல்லிகா அக்கா நேராக பாயிடம் வந்தார்.

"அந்தப் பொட்டலத்தை என்கிட்ட குடு பாய். என் வெஜ்ஜை அவருக்குக் குடு."

"நல்லி?"

"அதான் குறிப்புல போட்டிருக்கே. போடு."

கேரட்டைப் பிசைந்துகொண்டே விநாயகம் அண்ணன் என்னைப் பார்த்தார். "பூட்டு போட்டீங்க சார், சரி. கதவை எதுக்கு சார் கழட்டி நடுரோட்டுல வெச்சீங்க?"

இப்போதெல்லாம் பிரியாணிப் பட்டியலை நான் தயாரிப்பதில்லை. மல்லிகா அக்கா பார்த்துக்கொள்கிறார்.