மாடியில் ஓடிய டிரம்

அழுகை வரவேண்டிய இடத்தில் குளியலறைக் குழாய் விளம்பரம் வந்தது.

பாடகர் கண்ணைத் திறந்தார். பகலில் மருந்துக்கடை வைத்திருப்பவர், மாலையில் ப்ளூஸ் பாடி உருகுபவர். காதலி விட்டுப்போன சோகத்தை இழுத்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

“உங்கள் வீட்டுக் குழாய் சொட்டுகிறதா?” என்று கேட்டது செல்போன்.

“இலவச டிரம்னுதானே போட்டிருந்தான்?” என்றார் கிட்டார்க்காரர். “குழாயை யார் கேட்டா?”

மின்தூக்கிக் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் புகார்களை வாங்குவது அவர் வேலை. பகலெல்லாம் வாங்கியதை மாலையில் உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். குழுவில் அவருக்குப் பட்டப்பெயரே ‘புகார்’தான்.

அவர்களுடைய டிரம்மர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். சனிக்கிழமை நூலக அரங்கில் முதல் மேடை. அதற்கு இன்று மாலைக்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தவறினால் அந்த இடம் ஒரு மந்திரவித்தைக்காரருக்குப் போய்விடும். எனவே இணையத்தில் டிரம்மைத் தேடிப்பிடித்து அதன்மேல் வாசிப்பது என்று முடிவு. அது இலவசமாக இருக்கவேண்டும், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியவேண்டும்.

அடுத்துக் கிடைத்ததில் விளம்பரம் இல்லை. ஆனால் வேகத்தைக் குறைத்ததும், யாரோ தகர டப்பாக்களோடு மாடிப்படியில் உருண்டு வருவதுபோல் கேட்டது. அதற்கடுத்தது பெயரையும் பிறந்த தேதியையும் சம்பளத்தையும் கேட்டது.

“டிரம் கேட்டா சம்பளம் கேக்குறான். எனக்குப் பொண்ணா குடுக்கப் போறான்?”

பேஸ் கிட்டார் வாசிக்கும் அத்தான் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவர் கிட்டார்க்காரருடைய அக்காவின் கணவர். வீடும் அவருடையது. மாடி அறையில் இவர்கள் பயிற்சி, கீழே முன்னறையில் அக்காவின் பிசியோதெரபி கிளினிக்.

“மாப்ளே, உங்கக்கா இந்த மாதிரி ஏதோ ஒண்ணுல பதிஞ்சு வச்சிருக்கா. பாஸ்வேர்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன அத்தான்?”

“நீ எங்க அடுத்தவனை வாயைத் திறக்க விட்ட?”

கிட்டார்க்காரர் கீழே இறங்கினார். கிளினிக்கில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் நாற்காலியை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவர். கழுத்தில் பெரிய ஹெட்போன், எதிரே பிடித்து நடப்பதற்கான வாக்கர், அதற்கும் எதிரே கையைப் பிசைந்துகொண்டு அக்கா.

“ஐயா, ஒரே ஒரு அடி.”

“நாளைக்கு வைக்கிறேம்மா.”

“நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க.”

“அது வேற நாளைக்கு. வயசு பூரா பஸ்ல நின்னாச்சும்மா. இனிமே உக்கார்றது என் உரிமை.”

அக்கா பெருமூச்சு விட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். கிட்டார்க்காரர் அதில் அக்கறை காட்டாமல் சமையலறைக்குப் போய், பாஸ்வேர்டைப் பார்த்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

கணக்கைத் திறந்ததும் திரையில் நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினார்.

டிரம் அருமையாக இருந்தது. விளம்பரம் இல்லை, தகரம் இல்லை. வேகத்தைப் பொருத்திவிட்டுப் பதிவை ஆரம்பித்தார்கள். பாட்டின் முதல் வரி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது வரியில் டிரம் தளர்ந்தது.

“அத்தான், இழுக்காதீங்க.”

“நான் எங்க இழுத்தேன்? டிரம்மோடதான் போறேன்.”

திரையைப் பார்த்தால் வேகம் குறைந்துதான் இருந்தது. கூட்டினார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி குறைந்தது. மறுபடி கூட்டினார். மறுபடி குறைந்தது, முன்னைவிட அதிகமாக.

“இந்த வேகத்துல பாடினா, விட்டுட்டுப் போனவ போரடிச்சுத் திரும்பி வந்துடுவா,” என்றார் பாடகர்.

கிட்டார்க்காரருக்குக் காது சிவந்தது. டிரம் நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதினார். எழுத்தில் கத்த முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் அவர் கத்தினார். பதில் உடனே வந்தது.

“அன்புடையீர், வேகம் தானாகக் கூடுகிறது என்று சற்றுமுன் உங்கள் கணக்கிலிருந்து ஒரு புகார் வந்தது. இப்போது குறைகிறது என்று வந்திருக்கிறது. தயவுசெய்து ஒரு முடிவுக்கு வரவும்.”

“திமிரைப் பாத்தீங்களா? நான் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தா அன்னிக்கே என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க.” சட்டென்று அத்தான் பக்கம் திரும்பினார். “உங்க போன்லயும் இந்தக் கணக்கு இருக்கா? நீங்கதான் குறைக்கிறீங்களா?”

அத்தான் பேஸ் கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். “என் வீடு, என் கரண்டு, என் மேலயே பழி. நல்லா இருக்கு மாப்ளே.” வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

“பேஸ் இல்லாம எப்படி?” என்றார் பாடகர்.

“ஒரு குறையும் இல்ல. எனக்கு வழி தெரியும். இது எப்படியும் குறையத்தான் போகுது. உச்சத்துல வச்சுட்டா, இறங்கி இறங்கி சரியான இடத்துல வந்து நிக்கும்.”

உச்சத்தில் வைத்தார்.

அது குறையவே இல்லை.

டிரம் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பாடகர் காதலியை இழந்தார், தூக்கத்தை இழந்தார், மூச்சையும் இழக்கப் போனார். ஒவ்வொரு சோகத்துக்கும் அரை நொடிதான் கிடைத்தது.

“நிறுத்தாதீங்க, பதிவு ஓடுது,” என்று கத்தினார் கிட்டார்க்காரர். “ஒரு மிஷினுக்கு இவ்வளவு திமிரா? எவன் எனக்கு எதிரா வேலை செய்யறான்னு இன்னிக்குப் பாத்துடறேன்.”

கதவு திறந்தது.

கண்டக்டர் நின்றிருந்தார். நின்றிருந்தார் என்பது சரியல்ல. நின்ற இடத்திலேயே அவருடைய முழங்கால்கள் மாறி மாறி உயர்ந்து இறங்கின, டிரம்மின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்று. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் அத்தான், கையில் யாருக்கும் தேவைப்படாத வாக்கரோடு, வாயைப் பிளந்து நின்றார். கீழே அக்கா, “ஐயா, எங்க போனீங்க?” என்று தேடுவது கேட்டது.

கண்டக்டர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். அதிலிருந்தும் அதே டிரம், அதே வேகத்தில் வந்தது.

“தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க. வேகத்தைக் குறைச்சுக் குறைச்சு விட்டுட்டிருந்த டாக்டரம்மா, இது அடிக்கிற வரைக்கும் நடக்கணும்னு சொல்லிட்டு போன் பேசப் போயிட்டாங்க.”