பெரியவனைப் பல் டாக்டரிடம் டெபுடேஷனில் அனுப்பிய விவரம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். மீன் தொட்டித் தண்ணீரின் சூடு இருபத்தாறு டிகிரி. உப்பின் அளவும் மானியில் நீங்கள் கோடு போட்டுக் காட்டிய இடத்தை விட்டு அசையவில்லை. அதுபோலவே நீங்களும் மகளும் அங்கே எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் போனை எடுத்தாலே மகள் "சுருக்கமாச் சொல்லுங்கப்பா" என்கிறாள். சுருக்கிச் சொல்லக்கூடியதாக இது இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு உங்கள் கண்ணாடித் தொட்டியை எங்கள் முன்னறையில் வைத்து, இரண்டு ஆரஞ்சு மீன்களையும் நாலு பக்கக் குறிப்பையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனீர்களே, அப்போது "ரெண்டும் ஒத்துமையா இருக்கும் மாமா, தண்ணியை மட்டும் பாத்துக்கோங்க" என்று சொன்னீர்கள். நீங்கள் வீட்டில் இருந்தவரை நடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் போன மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

பெரியவன் சின்னவளை அடிக்கிறான். உங்கள் அத்தைதான் இந்தப் பெயர்களை வைத்தாள். சாப்பாடு போட்டால் முதல் வாய் அவனுக்கு. சின்னவள் கிட்டே வந்தால் ஒரு முட்டு, வாலில் ஒரு கடி, மூலை வரைக்கும் விரட்டு. அந்தப் பெண் என்னடாவென்றால் எதிர்த்து ஒரு வார்த்தை இல்லாமல் அவன் முன்னால் ஒருக்களித்துப் படுத்து உடம்பெல்லாம் நடுங்குகிறாள். நடுங்கிவிட்டுத் திரும்பவும் அவன் பக்கத்திலேயே போய் நிற்கிறாள். உங்கள் அத்தைக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "மீன் வாங்கின கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள். மீன் விற்கிறவருக்கு மீனைத் தெரியும், தகராறைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டூட்டி போடும் மேஜையில் உட்கார்ந்தவன் நான். ஒரே வண்டியில் டிரைவரும் கண்டக்டரும் முறைத்துக்கொண்டு வந்து நின்றால், யார் பக்கம் தப்பு என்பது அவர்கள் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் இது. இதைக் கடைக்காரரிடம் விட முடியுமா?

முதலில் கல்லை எல்லாம் இடம் மாற்றினேன். குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் "கல்லைத் தொட வேண்டாம்" என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள், பார்த்தேன். ஆனால் பெரியவனுக்கு இது என் இடம், அது என் இடம் என்ற திமிர் இருந்தது. இடமே மாறிவிட்டால் எல்லாருக்கும் முதல் நாள்தானே. தண்ணீர் மூன்று மணி நேரம் கலங்கிக் கிடந்தது. தெளிந்தபோது பெரியவன் புதுக் குகையின் வாசலில் நின்றுகொண்டிருந்தான், சின்னவள் பின்பக்கம் ஹீட்டரின் சந்தில் இருந்தாள். அடுத்து, தொட்டியின் வெளிப்பக்கம் என் முகச்சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். இது நல்ல பலன் தந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த தடியனோடு பெரியவன் இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்றான், சின்னவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். கண்ணாடியை எடுத்தால் மறுபடி அடி விழும் என்பதால் பத்து நாளாக முன்னறையில் தொட்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துதான் சவரம் செய்துகொண்டேன். ஒருநாள் நான் பாதியில் இருக்கும்போது பெரியவன் கண்ணாடியைப் பார்த்து முட்டியதில் தண்ணீர் தெறித்து, கத்தி வழுக்கி, மீசையில் இடதுபக்கம் போய்விட்டது. வலதுபக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதையும் எடுத்துவிட்டேன். இந்த வீட்டில் இருபது வருஷமாகப் பேப்பர் போடுகிறவர் என்னைப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்று கேட்டார்.

பிறகு தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் சாப்பாடு போடும் முறை. அந்த முனையில் அத்தை, இந்த முனையில் நான், ஆளுக்கொரு கரண்டி, ஒன்று இரண்டு மூன்று எண்ணிப் போட வேண்டும். உங்கள் அத்தை இரண்டிலேயே போட்டுவிடுவாள். பெரியவன் அங்கே முடித்துவிட்டு இங்கே வந்து இதையும் முடிப்பான். மூன்று சொன்ன பிறகுதான் போட வேண்டும் என்று கொஞ்சம் டிப்போக் குரலில் சொல்லிவிட்டேன். "நானென்ன உங்க கண்டக்டரா?" என்று கரண்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தொட்டிக்குள் சமாதானம் கொண்டுவரப் போய் வீடு இரண்டு பட்டது. அந்த இரண்டு நாளும் என் சமையலைச் சாப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

கடைசியில்தான் எனக்குத் தெரிந்த வழிக்கு வந்தேன். ஒத்துப்போகாத ஜோடியைப் பிரித்து வேறு வேறு ரூட்டில் போடுவது. காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையைத் தொட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டு, பெரியவனை அதற்குள் போடுவதாகத் திட்டம். வலையை விட்டால் வலைக்கு இந்தப் பக்கம், கையை விட்டால் கைக்கு அந்தப் பக்கம். நாற்பது நிமிஷம் ஆனது. சோபா நனைந்தது, என் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது, பிடிபட்ட பிறகும் அவன் என் சுட்டுவிரலைக் கடித்தான். ஒரு வாரம் கூடைக்குள் இருந்தான். அப்போதும் சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? வெளியிலிருந்து கூடையை ஒட்டியே நின்றாள். பயம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். இவன் கண்ணில் படுகிற வரைக்கும் அவள் தேற மாட்டாள்.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் தன் கிளினிக்கில், ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். வயதான மஞ்சள் மீன் ஒன்றுதான் அதில் இருந்தது. பெரியவனை அங்கே டெபுடேஷனில் அனுப்பிவிட்டேன். போன அன்றே அவன் டாக்டரின் விரலையும் கடித்தானாம். பல்லை நம்பிப் பிழைக்கிறவர், கோபித்துக்கொள்ளவில்லை.

இங்கே சின்னவள் முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ஒன்றரை மடங்கு வளர்ந்துவிட்டாள். நடுக்கம் அடியோடு போய்விட்டது. தொட்டியின் நடுவில் வந்து நிமிர்ந்து நிற்கிறாள். போன வாரம் தொட்டியின் உள்பக்கத்தைத் துடைக்கக் கையை விட்ட உங்கள் அத்தையின் விரலைக் கடித்தே விட்டாள். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

நீங்கள் அடுத்த மாதம் வருவதால் ஞாயிற்றுக்கிழமை பெரியவனை டாக்டரிடமிருந்து அழைத்துவந்து சேர்த்துவைக்கப் போகிறேன். அவனும் எண்பத்து மூன்று நாள் தனியாக இருந்து திருந்தியிருப்பான், அவளுக்கும் தைரியம் வந்திருக்கிறது. இனி அவர்களுக்குள் தகராறு என்ற பேச்சே வராது. நீங்களும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் நாலு பக்கத்தில் இந்த விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

வெயிலில் அலையாமல் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மகளுக்கு முத்தமும், உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன். இன்று திங்கட்கிழமை. நேற்றுப் பெரியவனைத் தொட்டியில் விட்டதும் இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு உருண்டன. சின்னவள்தான் முதலில் பாய்ந்தாள். கூடையை வைத்துப் பிரித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மீன் கடைக்காரரை அழைத்தேன். வந்து பார்த்தவர், இதைப் பிரித்துவைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன், அப்போதும் பெருமையாகவே.

"பெரிசு பொம்பளை சார், சின்னதுதான் ஆம்பளை. இந்த மீன்ல அப்படித்தான். அது நடுங்கினது பயத்துல இல்ல. நீதான் வீட்டுக்குப் பெரியவள்னு ஒத்துக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறது."

இருக்கட்டும், இப்போது ஏன் இந்தச் சண்டை என்று கேட்டேன்.

"வீட்டம்மா போயிட்டா ஆம்பளை தானா வளந்து பொம்பளையா மாறிடும் சார். மாறினா திரும்பாது. இப்ப உள்ள இருக்கறது ரெண்டும் வீட்டம்மா."

உங்கள் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப அந்தக் குடும்பம் நல்லாத்தான் நடந்துட்டிருந்திருக்கு" என்றாள். பிறகு வெகுநேரம் சிரித்தாள்.

ஆகவே, நீங்கள் விட்டுப்போன தம்பதி இப்போது இல்லை. பெரிசைத் திரும்ப டாக்டரின் தொட்டியிலேயே விட்டுவிட்டேன்; அங்கே ஒரு பெண், நம் வீட்டில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் சின்னதாக ஒவ்வொரு பையன் பார்த்தால் போதும், தொல்லை இருக்காது என்கிறார் கடைக்காரர். பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை பார்த்ததில் இதுவரை ஒருமுறைதான் எனக்கு அனுபவம்; அதில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை உங்களிடம் நேரில் சொல்ல இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. இப்போது எழுதிவிட்டதால், மீன் விஷயத்தை மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.